கன்னிமார் சோலைக்குப் பச்சை விழுந்த கதை

வாங்க தம்பி. செருப்பை அங்கிட்டே விட்டுட்டு வாங்க, களம் பூராவும் காப்பிப் பழம் காயுது. அந்தச் சாக்குக் கட்டு மேல உக்காருங்க, பரவாயில்ல.

நடுக்கானல்ல யாரு வீடு? பரமசிவம் மருமகனா! அவரு மகளைக் கட்டுனது நீங்கதானா? சரி சரி, அவங்கவங்க தலையெழுத்து. உங்க மாமனாருக்கு என்னைய நல்லாத் தெரியும். நல்லவிதமாச் சொல்லியிருக்க மாட்டாரு, அது வேற.

டீ தரட்டுமா? காப்பி மட்டும் கேக்காதீங்க. காப்பி விளையிற ஊருல காப்பி குடிக்கிறவன் எவன் இருக்கான்? விளையிறது அம்புட்டும் கம்பெனிக்கு. கம்பெனி அதைப் பொடியாக்கி, பாட்டில்ல அடைச்சு, பாட்டில் மேல ஒரு மரத்துப் படத்தை ஒட்டி, கப்பல் ஏத்துது. நாங்க ரேசன் கடையில டீத்தூள் வாங்கிக் குடிக்கிறோம்.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு சொல்லாட்டியும் எனக்குத் தெரியுது. உங்க தோட்டமும் செவப்பாயிருச்சு. அதைப் பச்சையாக்கணும். பச்சையாகலைன்னா கம்பெனி இந்த வருசம் உங்க காப்பியைத் தொடாது. கம்பெனி ஆளு கிருபாகரன் சார்தானே அனுப்புனாரு? "ஈச்சங்கொம்புல அன்னக்கொடின்னு ஒரு அம்மா இருக்காங்க, போயிக் கேளுங்க, அவங்கதான் மாடல்"னு சொல்லியிருப்பாரே. சொன்னாரா? சொல்லுவாரு, சொல்லுவாரு. மாடல்னா என்னன்னு நானும் எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். அவரு என்னைய ஏற எறங்கப் பாத்துட்டுப் பேசாமப் போயிட்டாரு. முப்பது வருசமா அவரு அப்படித்தான்.

மொதல்லேர்ந்து சொல்றேன். அப்பத்தான் உங்களுக்குப் புரியும், அப்பத்தான் என் மேல தப்பில்லன்னும் தெரியும். ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க. பேசட்டும். நான் பொறணி பேசுறவ இல்ல, அதனால அவங்க பேரைச் சொல்ல மாட்டேன். வீரணன் பொண்டாட்டிதான் ரொம்பப் பேசுறா.

போன பங்குனியில கிருபாகரன் சாரு மொதல் மொதல்ல வந்தாரு. ஆளை அதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். அதுக்கு முந்தின வருசம் வரைக்கும் இதே ஜீப்புல வந்து களைக்கொல்லி வித்தவரு. அடிச்சா ஒரு புல்லு முளைக்காதும்மான்னு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. இந்த வருசம் பாத்தா அதே ஆளு, அதே ஜீப்பு, சட்டையில மட்டும் ஒரு இலை படம். காட்டைக் காப்பாத்த வந்திருக்கேன்னாரு. மனுசன் திருந்துறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?

சமுதாயக் கூடத்துல எல்லாரையும் கூட்டி வெச்சு விளக்கம் சொன்னாரு. வெளிநாட்டுல சட்டம் வந்திருச்சாம். காட்டை அழிச்சு விளைய வெச்ச காப்பியை அங்க எறக்க விட மாட்டாங்களாம். அதனால ஒவ்வொருத்தர் தோட்டமும் எங்க இருக்கு, எல்லை எது, ஒரு தேதி சொன்னாரு, அந்தத் தேதிக்குப் பிறகு அங்க மரம் வெட்டியிருக்கா, இதையெல்லாம் மேலேர்ந்து சேட்டிலைட்டு பாத்துச் சொல்லுமாம். சுத்தமா இருந்தா கம்ப்யூட்டர்ல பச்சை. இல்லேன்னா செவப்பு. பச்சைக்காரங்க காப்பியை கம்பெனி எடுத்துக்கும். செவப்புக்காரங்க காப்பியை அவங்களே குடிச்சுக்க வேண்டியதுதான். இங்க எவனும் குடிக்கிறதில்லன்னு சொன்னேன்ல.

நல்ல விசயந்தானே? நானும் நல்ல விசயம்னுதான் எந்திரிச்சுச் சொன்னேன். மத்த ஊருக்காரன் காட்டை அழிக்கிறான், எங்க ஊருல எவன் அழிச்சான்? எங்க மாமனாரு காட்டை வெட்டித்தான் இந்த நாலு ஏக்கரை உண்டாக்குனாரு. அதை எதுக்கு இப்பப் பேசணும்? அது தேதிக்கு முன்னாடி. தேதிக்கு முன்னாடி பண்ணது பாவத்துல சேராதுன்னு கம்பெனியே சொல்லுது, நாம சேக்கணுமா?

அப்புறம் எல்லை நடக்குறது. அங்கதான் விசயமே. எங்க தோட்டத்துக்கு மேக்கால கன்னிமார் சோலை இருக்குல்ல, பன்னெண்டு ஏக்கரு. சோலைக்குக் கிழக்க நாங்க. வடக்க வீரணன், எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை, ஆனா முறையா ஒண்ணும் நடந்துக்கிட்டதில்ல. தெக்க அருளானந்தம் வாத்தியாரு. மேக்க திண்டுக்கல்லு லாரி ஆபீஸ்காரரு, அவரு இங்கிட்டு வர்றதே இல்ல, காவக்காரந்தான் எல்லாம் பாக்குறாப்ல.

சோலை யாருக்கும் சொந்தமில்ல. கன்னிமாருக்குச் சொந்தம். உள்ள ஏழு கல்லு நட்டிருக்கு. வருசத்துக்கு ஒரு நாளு பளியக்குடி பூசாரி நாகையன் மட்டும் உள்ள போயிப் பூசை வெச்சுட்டு வருவாப்ல. நாங்கெல்லாம் ஓரத்துல நின்னு கும்புடுறதோட சரி. அந்த ஓரத்துல சோலையைச் சுத்தி ஒரு தடம் போகுது. அதுல கால வெச்சா முழுச் சுத்து சுத்தித்தான் எறங்கணும். பாதியில திரும்புனா கன்னிமாருக்கு ஆகாது. கல்யாணம் பாதியில நின்ன வீடு, கட்டடம் பாதியில நின்ன வீடு, எதைக் காட்டினாலும் அவன் பாதிச் சுத்துல திரும்புனவன்னுதான் இங்க சொல்லுவாங்க. உங்க ஊருலயும் அப்படித்தானே? ஆமாங்கிறீங்கள்ல, பாருங்க. இந்த மலையில பொறந்தவன் எவனும் பாதியில திரும்ப மாட்டான்.

கிருபாகரன் சாரு என்ன சொன்னாரு? போன்ல இந்தப் பட்டனை அமுக்கிட்டு உங்க எல்லையைச் சுத்தி நடங்க, நடக்குற தடம் கோடா விழும், தொடங்குன எடத்துக்கே வந்து நில்லுங்கன்னாரு. நடந்தேன். எங்க மேக்கால எல்லை எது? சோலைத் தடம். கால வெச்சாச்சு. வெச்ச பிறகு திரும்ப முடியுமா? செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு, அட்டை கடிக்கக் கடிக்க, முழுச் சுத்து சுத்திட்டுத்தான் வந்தேன். போனுக்கு என்ன தெரியும், பாவம். சுத்துனது அம்புட்டும் அன்னக்கொடி தோட்டம்னு கோடு போட்டுக்கிச்சு.

வீரணனும் அப்படித்தான் சுத்தியிருக்கான். வாத்தியாரும் சுத்தியிருக்காரு. அவரு வேதக்காரரு, அவருக்கு எதுக்குக் கன்னிமாரு? கேட்டா, "நடைப்பயிற்சிம்மா, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு"ங்கிறாரு. லாரி ஆபீஸ்காரரோட காவக்காரன் இன்னும் ஒரு படி மேல. மொதலாளிக்குப் புண்ணியம் சேரட்டும்னு மூணு சுத்து சுத்தியிருக்காப்ல.

ஆடியில போர்டு வந்துச்சு. இரும்புத் தகடு, பச்சைப் பெயிண்டு. "இயற்கைக் காவலர் திருமதி அன்னக்கொடி. இவரது பாதுகாப்பில் 12 ஏக்கர் இயற்கைக் காடு." என் போட்டோவோட. போட்டோவுல கொஞ்சம் கருப்பா விழுந்திருக்கேன், அது அன்னிக்கு அடிச்ச வெயிலு. பஸ்சுல போறவங்க பாக்குற மாதிரி ரோட்டோரம் நட்டேன். என் பேரை ஒரு எடத்துல எழுதி அதுக்கு முன்னால நான் பாத்ததில்ல தம்பி. பத்திரம் அவரு பேருல. ரேசன் கார்டு அவரு பேருல. கல்யாணப் பத்திரிகையில கூட என் பேரைத் தப்பா அச்சடிச்சிருந்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் அந்த ரோட்டுல நாலு தடவை போயிட்டுப் போயிட்டு வந்தேன். வேலை இருந்துச்சு, அதான்.

மறுநாளே வீரணன் வாசல்ல ஒரு போர்டு. அதே பன்னெண்டு ஏக்கரு. என்னோடதை விட ஒரு சாண் உசரம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நானும் என் போர்டைப் புடுங்கி, அடியில கல்லை அடுக்கி, ரெண்டு சாண் ஏத்தி நட்டேன். அப்புறம் வாத்தியாரு வீட்டுல ஒண்ணு, லாரி ஆபீஸ்காரரு கேட்டுல ஒண்ணு. ஆவணியில வந்த கம்பெனிப் புத்தகத்துல போட்டிருந்துச்சாம்: ஈச்சங்கொம்பு கிராமத்துல நாப்பத்தெட்டு ஏக்கர் காட்டைக் காப்பாத்தியிருக்கோம்னு. கிருபாகரன் சாரு அதை சமுதாயக் கூடத்துல வாசிச்சாரு. எல்லாரும் கை தட்டினோம். கன்னிமாரு ஒரே ஆடியில நாலு மடங்கு வளந்துட்டாங்க, கை தட்டாம இருக்க முடியுமா?

அது தப்புன்னு ஏன் சொல்லலைன்னா கேக்குறீங்க? என்னைய யாரும் கேக்கலையே. கேட்டாத்தானே சொல்றதுக்கு.

புரட்டாசியில வந்துச்சு செவப்பு. நாலு பேருக்கும் சேத்து. மேல இருக்குற கம்ப்யூட்டருக்கு அப்பத்தான் தூக்கம் தெளிஞ்சிருக்கு. ஒரே காட்டை நாலு பேரு சொந்தம் கொண்டாடுறாங்க, எவனோ ஏமாத்துறான்னு மொத்தமா செவப்பை அடிச்சு விட்டுருச்சு. காப்பி பழுக்க ஆரம்பிச்சிருச்சு, தம்பி. இன்னும் ரெண்டு மாசத்துல பறிப்பு. எனக்கு இந்த நாலு ஏக்கரை விட்டா வேற எதுவும் கெடையாது. வத்தலக்குண்டு கமிஷன் கடையில விசாரிச்சா, கம்பெனி வேண்டாம்னு தள்ளுன காப்பியான்னு மூஞ்சியைச் சுளிக்கிறான். சோறு எறங்கல எனக்கு. அது நெசம், அதுல கேலி ஒண்ணும் இல்ல.

கிருபாகரன் சாரு வேர்த்து விறுவிறுத்து வந்தாரு. அவருக்கும் மேலேர்ந்து குடைச்சல். "ஒரு காட்டுக்கு நாலு காவலர் கம்ப்யூட்டர்ல ஏறாதும்மா, பிரிச்சு ஆளுக்கு ஒரு பங்குன்னு குடுத்தா ஏறும்"னாரு. வேற என்னமோ ஒண்ணும் சொன்னாரு, அது காரியத்துக்கு ஆகாதது.

பிரிக்கிறதுன்னு முடிவாச்சு. பன்னெண்டை நாலாப் பிரிச்சா மூணு. மூணு ஏக்கருக்குக் காவலரா இருந்தாலும் காவலரு காவலருதானே. வீரணன் வீட்டுல உக்காந்து பேசுனோம். அவன் வீட்டுப் படியை மிதிச்சு ஒன்பது வருசம் ஆச்சு, காட்டுக்காக மிதிச்சேன். ஏழு கல்லு யாரு பங்குல வரும்னு ஒரு நா பூராவும் சண்டை. "மதினி, மூத்தவன் வீடு கெழக்க இருக்கலாம், சாமி வடக்கதான் பாத்திருக்கு"ங்கிறான் வீரணன். சாமி கல்லு எந்தப் பக்கம் பாத்திருக்குன்னு இவன் எப்பப் போயிப் பாத்தான்? கடைசியில வாத்தியாருதான் கணக்குச் சொன்னாரு. கல்லு இருக்குற எடம் நடு. அங்கேர்ந்து நாலு பக்கமும் நாலு கோடு. கல்லு யாருக்கும் இல்ல, எல்லாருக்கும். படிச்சவரு படிச்சவருதான்.

உள்ள போக கன்னிமாரு உத்தரவு வேணும்ல. பூக்கட்டிப் பாத்தோம். முறையாத்தான் பாத்தோம், யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூவு, ஒண்ணுல செவப்பு. சின்னப் பொண்ணு ஒண்ணைக் கூட்டியாந்து எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தா உத்தரவு. மொதல் தடவை செவப்பு வந்துச்சு. கொழந்தை தானே, கை தவறியிருக்கும். ரெண்டாம் தடவையும் செவப்பு. கம்பெனிதான் செவப்பு போடுதுன்னா சாமியும் செவப்பு போடுது. மூணாந்தடவை வெள்ளை வந்துச்சு. மூணாந்தடவை ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூவுதான் இருந்துச்சுன்னு ஊருல ஒரு பேச்சு. வீரணன்தான் மாத்தி வெச்சான்னு அவன் மேல பழி போடுறாங்க. அநியாயமாப் பேசக்கூடாது தம்பி. அவன் அந்தப் பக்கமே வரல. பொட்டலம் மடிச்சது நான். எனக்குத் தெரியாதா?

உத்தரவு கெடைச்சிருச்சு, போனைத் தூக்கிக்கிட்டு உள்ள போனோம். ஓரத்துலேர்ந்து கல்லு வரைக்கும் நேராக் கோடு நடக்கணும். ஆனா உள்ள போன பிறகுதான் தெரிஞ்சுது, அங்க போன் வேலை செய்யல. மேல பாத்தா வானமே தெரியாது. மரத்துக்கு மேல மரம், அதுக்கு மேல கொடி. உச்சி வெயில்லயே அந்தி மாதிரி இருக்கு. நான் நேராத்தான் நடந்தேன். போன்ல கோடு குடிகாரன் மாதிரிப் போகுது. ஒரு எடத்துல நின்னு பாத்தா, நான் வீரணன் தோட்டத்துக்குள்ள நிக்கிறதாக் காட்டுது. இன்னொரு எடத்துல ரெண்டு மலை தள்ளி நிக்கிறேனாம். நாலு நாளு நடந்தோம், நாலு நாளும் நாலு கோடு.

கிருபாகரன் சாருக்குப் போனைப் போட்டேன். "மேல வானம் தெரியணும்மா. அப்பத்தான் சேட்டிலைட்டுக்கு நீங்க தெரிவீங்க"ன்னாரு. மரம் மறைக்குதே சார்னு கேட்டேன். ஜீப்புக் கதவைச் சாத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "நீங்க வழக்கமா நிழல் மரத்தைக் கவாத்து பண்ணுவீங்கள்ல"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "நான் ஒண்ணும் சொல்லலைம்மா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. பெரிய படிப்பு படிச்சவங்க பேச்சே தனி. ஒண்ணும் சொல்லாமயே எல்லாத்தையும் சொல்லிருவாங்க.

கவாத்து பண்ணோம். அம்புட்டுதான். வெட்டுனோம் வெட்டுனோம்னு பேசுறாங்களே, அது வேற, கவாத்து வேற. காப்பித் தோட்டத்துல வருசா வருசம் பண்றதுதானே? வெளிச்சம் எறங்கணும்னு ரெண்டு மூணு கிளை எடுக்குறது. பத்தடி அகலம், அதுக்கு மேல ஒரு அடி கூட இல்ல. வாத்தியாரு கயித்தைப் புடிச்சு அளந்து குடுத்தாரு. மொதல்ல நம்ம ஆளுகளை அருவாளோட கூப்பிட்டோம். ஒருத்தனும் வர மாட்டேன்னுட்டான். தோட்டத்துல நூறு மரம் கழிப்பான், அங்க ஒரு கொப்பைத் தொடச் சொன்னா கையைப் பின்னால கட்டிக்கிறான். வத்தலக்குண்டுலேர்ந்து மரம் அறுக்குற மிஷின்காரரை வரச் சொன்னோம். கீழ் நாட்டுக்காரரு, அவருக்குக் கன்னிமாரும் தெரியாது, பாதிச் சுத்தும் தெரியாது. ரெண்டே நாளு. மிஷின் சத்தம் இந்தக் களம் வரைக்கும் கேட்டுச்சு.

கிளை எடுத்தும் சில எடத்துல வானம் தெரியல. அங்கங்க ஒரு ஏழெட்டு மரத்தை மட்டும் அடியோட கவாத்து பண்ண வேண்டியதாப் போச்சு. சிரிக்காதீங்க தம்பி. அடியோட கவாத்துன்னு ஒண்ணு இருக்கு. வீரணன் பதினேழும்பான். அவன் எதையும் கூட்டித்தான் சொல்லுவான். நான் எண்ணல.

மரத்தை என்ன பண்ணோமா? வீணாக்கல. புதுப் போர்டு வருதுல்ல, மூணு ஏக்கருன்னு மாத்தி. அதுக்கு உசரமாக் கால் வேணும்ல.

அதுக்கப்புறம் கோடு நடந்தோம் பாருங்க, நூல் புடிச்ச மாதிரி விழுந்துச்சு. கார்த்திகை மொத வாரத்துல நாலு பேருக்கும் பச்சை. சர்ட்டிபிகேட்டு வந்துச்சு, கண்ணாடி போட்டு உள்ள மாட்டியிருக்கேன், போகும்போது பாத்துட்டுப் போங்க. "இந்தக் காப்பி விளைந்த இடத்தில் காடு அழிக்கப்படவில்லை"ன்னு தமிழ்லயும் இங்கிலீசுலயும் போட்டிருக்கு. அந்தக் கவாத்து சேட்டிலைட்டுக்குத் தெரியலையான்னா கேக்குறீங்க? நானும் கேட்டேன். அரை ஏக்கருக்குக் கீழ இருந்தா கம்ப்யூட்டரு காடழிப்புன்னு எடுத்துக்காதாம். நாங்க எடுத்தது அரைக்கும் கொஞ்சம் கம்மி. பாத்தீங்களா, எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டுத்தான்.

நாகையன்தான் இந்த வருசம் பூசை வெக்கல. ஆள் அனுப்பிக் கேட்டோம். வந்து பாத்துட்டு, ஓரத்துலயே நின்னு, எறங்கிப் போயிட்டாப்லயாம். என்ன கோவமோ. வீட்டுல ஏதாவது பிரச்சனையா இருக்கும்.

என்ன கேக்குறீங்க? கொஞ்சம் சத்தமாக் கேளுங்க, இந்தக் கோழி வேற. நாலு பேரும் சோலையை யாரு பேருலயும் சேக்காம விட்டிருக்கலாமேங்கிறீங்களா?

ஆமா, அதான் கிருபாகரன் சாரும் மொதல்ல சொன்னாரு. "சோலையை விட்டுட்டு அவங்கவங்க காப்பித் தோட்டத்தை மட்டும் நடந்து குடுங்கம்மா, நாளைக்கே பச்சையாயிரும், ஒரு இலையைக் கூடத் தொட வேண்டாம்"னாரு. காரியத்துக்கு ஆகாததுன்னு சொன்னேனே, அதுதான். விடுறதாம்! நான் விட்டா? நான் விட்ட அன்னிக்கே வீரணன் பன்னெண்டு ஏக்கரையும் அவன் பேருல நடந்திருப்பான். அவன் போர்டுல பன்னெண்டுன்னு இருக்கும். நான் அதைப் பாத்துக்கிட்டே தெனமும் பஸ் ஏறணுமா? அவனைக் கேட்டா, மதினி விட்டா நான் விடுறேங்கிறான். வாத்தியாரு, அவங்க ரெண்டு பேரும் விட்டா விடுறேங்கிறாரு. லாரி ஆபீஸ்காரரு, மூணு பேரும் எழுதிக் குடுக்கட்டுங்கிறாரு. எல்லாரும் விடத்தான் தயாரு. யாரு மொதல்ல விடுறதுங்கிறதுதான் பேச்சு. சொல்லுங்க, நீங்களா இருந்தா விடுவீங்களா? உங்க மாமனாரு விடுவாரா?

தலையைச் சொறியிறீங்களே. அப்ப நான் சொன்னதுல ஞாயம் இருக்குன்னு அர்த்தம்.

உங்க சோலையைச் சுத்தி எத்தனை தோட்டம்? ஏழா?

ஏழு பேருமா முழுச் சுத்து சுத்தியிருக்கீங்க? ஏழு பேருக்கும் போர்டு இருக்கா?

அப்ப ஏழு கோடு வேணும்.

டீயை எடுத்துக் குடிங்க, ஆறிப் போச்சு பாருங்க. நான் ஒண்ணு சொல்றேன், உங்களோட வெச்சுக்கங்க. எண்ணலைன்னு சொன்னேன்ல, அது பொய்யி. எண்ணுனேன். பச்சை வந்த மறுநாளு கன்னிமாருக்கு ஒரு தேங்காய் உடைச்சிட்டு வரலாம்னு தனியாப் போனேன். இப்பத்தான் பத்தடியில வழி இருக்கே, யாரு வேணும்னாலும் நேராப் போகலாம். போனேன். நடுவுல வெயிலு தொப்புன்னு விழுந்து கெடக்கு. அந்த ஏழு கல்லு மேலயும் விழுந்து கெடக்கு. தேங்காயை வெச்சுட்டு மொதக் கல்லைத் தொட்டுக் கும்புட்டேன். சுட்டுச்சு தம்பி. அடுப்புல வெச்சு எடுத்த தோசைக்கல்லு மாதிரி சுட்டுச்சு. அந்தக் கல்லு என்னிக்காவது வெயிலைப் பாத்திருக்குமா? ஏழையும் தொட்டுப் பாத்தேன். ஏழும் சுட்டுச்சு. சேலை முந்தானையைத் தண்ணியில நனைச்சு ஒவ்வொரு கல்லா தொடச்சு விட்டேன். கொஞ்ச நேரத்துல திரும்பவும் சுட்டுச்சு.

திரும்பி வரும்போதுதான் அடிக்கட்டைகளைப் பாத்தேன். பாக்கக்கூடாதுன்னுதான் நெனைச்சேன். வாயி தானா எண்ணுது. எங்க பக்கத்துக் கோட்டுல எண்ணிட்டு நிறுத்தலாம்னா நிறுத்த முடியல. திரும்பிப் போயி நாலு கோட்டுலயும் எண்ணுனேன். நாப்பத்தொண்ணு. அங்கயே ஒரு கட்டை மேல உக்காந்து அழுதேன். பச்சை விழுந்ததுக்கு எவளாவது அழுவாளா? நான் அழுதேன். வீட்டுல வந்து கண்ணுல தூசின்னு சொன்னேன். அவரு அதுக்கும் ஒண்ணும் கேக்கல.

சரி விடுங்க. மிஷின்காரரு நம்பரு வேணும்னுதானே வந்தீங்க? போனை எடுத்து எழுதிக்கங்க, சொல்றேன். நல்ல மனுசன், சொன்ன நேரத்துக்கு வந்துருவாரு. பத்தடிக்கு மேல போக விடாதீங்க, அரை ஏக்கரைத் தாண்டிரக் கூடாது. ஏழு கோடுன்னா எட்டடியே போட்டுக்கங்க, பத்தும்.

ஒண்ணு மட்டும் என் பேச்சைக் கேளுங்க. வேலை முடிஞ்ச பிறகு உள்ள போயிப் பாக்காதீங்க. கோடு விழுந்துச்சா, பச்சை வந்துச்சா, காப்பியைக் கொண்டு போயிப் போட்டோமான்னு இருந்துக்கங்க. நான் போயிப் பாத்துட்டேன். இந்த விசயத்துல நான் பண்ண தப்பு அது ஒண்ணுதான்.